மாதிரி ஒலி பதினேழு

குரல் பயிற்சி வகுப்புக்குப் போன ஆம்பளைங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும். ஒன்பதாவது நாள் ஒரு பதிவு போட்டுக் கேக்க வைப்பாங்க. 'மாதிரி ஒலி பதினேழு'ன்னு பேரு. ஒரு மாமனார் மருமகன்கிட்ட பேசறது, மூணரை நிமிஷம். அந்தரங்கம் கெடக்கூடாதுன்னு சொல்லை எல்லாம் கலைச்சு விட்டிருப்பாங்க. குரலோட ஓட்டம் மட்டும் கேக்கும். எங்கயும் ஏறாது, தடிக்காது, மூச்சு வாங்காது. குளத்துல தண்ணி நிக்கற மாதிரி இருக்கும். "இப்படிப் பேசப் பழகுங்க"ன்னு வாத்தியார் சொல்லுவாரு.

அந்த மாமனார் நான்தான்.

என் பேரு மோகனசுந்தரம். குமாரபாளையத்துல தறி ஓட்டறேன், வயசு அம்பத்திமூணு. எழுதிப் பழக்கம் இல்ல, தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க. இத நீங்க ஃபோன்ல படிக்கறப்போ என் பேருக்குப் பக்கத்துல ஒரு பச்சைப் பொட்டு தெரியும். தயவு பண்ணி அதப் பாத்து என்னை நம்பாதீங்க. அந்தப் பொட்டு எப்படி வந்துச்சு, அந்த மூணரை நிமிஷத்துல நான் என்ன சொன்னேன், என்ன செஞ்சேன்னு சொல்லத்தான் எழுதறேன்.

எம்மக சம்யுக்தா பத்தாவது படிக்கும்போதே இந்தப் பேரெல்லாம் வந்துருச்சு. ஃபோன்ல சின்னச் சின்ன வீடியோவாப் பாத்துட்டு வந்து சொல்லுவா. இவன் ஆல்ஃபா, அவன் பீட்டா, எவனோடயும் ஒட்டாம திரிஞ்சா சிக்மா. பொம்பளைங்க பின்னால அலைஞ்சா அதுக்கு ஒரு பேரு. கட்டிக்கலாம்னா கிரீன், கட்டிக்கக் கூடாதுன்னா ரெட். "அப்பா, நீ எதுல சேத்தி?"ன்னு ஒருநாள் கேட்டா. "நான் குமாரபாளையத்துல சேத்தி"ன்னேன். ரொம்ப நேரம் சிரிச்சா.

அந்த வெளையாட்டுப் பேரையே எடுத்து ஒரு கம்பெனிக்காரன் மெஷின் பண்ணிட்டான். அத நான் கிண்டல் பண்ண மாட்டேன். அப்ப பேப்பரத் தொறந்தா தெனம் ஒரு பொண்ணு. கட்டுனவன் வெட்டுனான், எரிச்சான்னு. எவன் கை நீட்டுவான்னு கல்யாணத்துக்கு முன்னாடியே தெரிஞ்சா நல்லதுதானே. மெஷின் முப்பது நாளு உங்க குரலக் கேக்கும். என்ன பேசறீங்கன்னு பாக்காது, எப்படிப் பேசறீங்கன்னு மட்டும் பாக்கும். ஏத்தம், எறக்கம், வேகம், மூச்சு. முப்பதாவது நாள் ஒரு பேரும் நூத்துக்கு இத்தனைன்னு ஒரு மார்க்கும் குடுக்கும். மொதல்ல வரன் பாக்கறவங்க கேட்டாங்க. அப்புறம் வீடு வாடகைக்கு விடறவங்க. அப்புறம் வேலைக்கு எடுக்கறவங்க. கடைசியில போலீஸும் அதத்தான் பாத்தாங்க.

வீட்டுச் சொவத்துல ஒட்டறதுக்குச் சட்டைப் பொத்தான் அளவுல ஒண்ணு குடுத்தாங்க. முப்பது நாள் முடிஞ்சாக் கழட்டிக்குவாங்க, புதுசாக் கல்யாணமான வீட்டுல மட்டும் விட்டு வெப்பாங்க. அதுக்கு ஏதோ பெரிய பேரு. நாங்க 'காது'ன்னுதான் சொல்லுவோம். அதுக்குக் கண்ணு கிடையாது. படம் புடிச்சா அந்தரங்கம் போயிரும்னு வைக்கலையாம்.

எங்க பட்டறையில முடிவு வந்த அன்னைக்கு ஒரே சிரிப்பு. இருவத்தினாலு தறி. பழைய தறி, ஊடு நூலத் தூக்கிட்டு நாடாக் கட்டை குறுக்க அடிச்சு ஓடற ரகம். அந்தச் சத்தத்துல இருவது முப்பது வருசம் நின்னவனுக்குக் காது பாதிதான் கேக்கும். வீட்டுக்குப் போயி உப்பு கேட்டாலும் ஊருக்கே கேக்கற மாதிரிதான் கேப்பான். நான் உள்பட அத்தனை பேரும் ரெட். செங்கோடன் ஒருத்தன் மட்டும் சிக்மா. ஏன்னா அவன் வாயில எந்நேரமும் வெத்தலை.

"ஏண்டா, நீ யாருக்கும் அடங்காத ஆளாமா?"ன்னு கேட்டேன்.

வெளிய போயி துப்பிட்டு வந்தான். "என் பொண்டாட்டிகிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணா. நான் சொன்னா நம்ப மாட்டா."

இங்க ஒண்ணு சொல்லியாகணும். தறி ஓடும்போது பேச்சு எடுபடாது. நாங்க உதட்டாலயும் கையாலயும்தான் பேசுவோம். நீளவாக்குல ஓடற பாவு நூல் அறுந்தா சுண்டு விரல நீட்டி ஆட்டுவோம். 'தறிய நிறுத்து'ன்னா உள்ளங்கையக் கீழ பாத்து விரிச்சு ரெண்டு தடவை அமுக்குவோம். 'பாத்துட்டேன்'னா கண்ணுக்குக் கீழ தொடுவோம். பழகிப் பழகி, கல்யாணப் பந்தியில உக்காந்து கதை பேசும்போதும் எங்காளுங்க கை தானா ஆடிட்டே இருக்கும். கூட்டத்துல தறிக்காரன் யாருன்னு கையப் பாத்தே சொல்லிரலாம். சம்யுவும் பள்ளிக்கூடம் விட்டா நேரா பட்டறைக்கு வந்து, நாடாவுக்குள்ள வெக்கற தார்க்குச்சியில நூல் சுத்திக் குடுத்தவதான். அவளுக்கு எல்லாச் சைகையும் தெரியும். அவ கையும் தானா ஆடும்.

அவளுக்கு வந்த வரன் நிஷாந்த். கோயமுத்தூர் சரவணம்பட்டியில சாஃப்ட்வேர் வேலை. கிரீன், தொண்ணூத்தி நாலு. எங்க சொந்தத்துலயே அந்த மார்க்கு யாரும் வாங்குனதில்ல. பொண்ணு பாக்க வந்தப்ப அவ்வளவு அமைதியா உக்காந்திருந்தான். எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு.

"பையன் சிரிக்கறப்போ சத்தமே வரலையே"ன்னு பூங்கோதைகிட்ட சொன்னேன். அவ என் சம்சாரம்.

"உங்களுக்குச் சத்தம் வந்தாத்தான் மனுசன்"னா. அவ விடல. "இருவத்தாறு வருசமா நீங்க செருப்பக் கழட்டற சத்தத்த வெச்சே இன்னைக்கு என்ன நடக்கும்னு பயந்து வாழ்ந்திருக்கேன். எம்பொண்ணு அப்படி வாழ வேண்டாம்."

அவ சொன்னது நெசம். நான் கை நீட்டுனதில்ல. ஆனா ஒருதடவை சாப்பாட்டுத் தட்ட விட்டெறிஞ்சேன். அந்தக் குழம்புக் கறை அடுத்து வெள்ளை அடிக்கற வரைக்கும் சொவத்துல இருந்துச்சு. நான் சரின்னுட்டேன். பங்குனியில கல்யாணம் ஆச்சு.

ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வீடியோவுல பேசுவோம். மாப்பிள்ளை பக்கத்துலயே உக்காந்திருப்பாரு. "நல்லா இருக்கேம்ப்பா. இன்னைக்கு அரிசிம்பருப்புச் சாதம் பண்ணேன். அம்மா, கால் வலி எப்படி இருக்கு?" எல்லாம் சாதாரணப் பேச்சு. பேசும்போது அவ கை மேசைமேல டம்ளர் பக்கத்துல ஆடிட்டு இருக்கும். உள்ளங்கை கீழ பாத்து அமுக்கும், அமுக்கும். நான் பாத்தேன். சித்திரையில இருந்து ஆனி வரைக்கும் வாரா வாரம் பாத்தேன். 'எங்க போனாலும் தறிக்காரன் மகதான், பாரு'ன்னு பூங்கோதைகிட்ட பெருமையா வேற சொன்னேன்.

ஆனி மாசம் ஒருநாள் காலையில தறி ஓடிட்டு இருக்கு. எதுத்தாப்புல இருந்து செங்கோடன் கையக் கீழ பாத்து ரெண்டு அமுக்கு அமுக்குனான். என்ன ஏதுன்னு யோசிக்கறதுக்கு முன்னாடியே என் கை கைப்புடியத் தள்ளித் தறிய நிறுத்திருச்சு. பாத்தா நாடா ஓரத்துல சிலும்பி நிக்குது. இன்னொரு அடி அடிச்சிருந்தா தெறிச்சு வந்திருக்கும். செங்கோடன் போயிட்டான். நான் கைப்புடியப் புடிச்சுட்டே நின்னேன். அந்தக் கைய நான் வேற எங்கயோ பாத்திருக்கேன். டம்ளர் பக்கத்துல.

ரெண்டு மாசமா எம்மக 'நிறுத்து, நிறுத்து'ன்னு சொல்லிட்டு இருந்திருக்கா. கை தானா ஆடுதுன்னு நான் நெனச்சிருக்கேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை நான் பேச்சக் கேக்கவே இல்ல, கைய மட்டும் பாத்தேன். அவ அமுக்குனா. நான் கண்ணுக்குக் கீழ தொட்டேன். பேசிட்டு இருந்த பேச்சு நிக்கல, குரலு மாறல. அவ கண்ணு மட்டும் நெறைஞ்சுருச்சு. மாப்பிள்ளை ஃபோன எடுக்க அந்தப் பக்கம் குனிஞ்ச நேரத்துல, சத்தமில்லாம உதட்ட மட்டும் அசைச்சா. "கத்தாதப்பா."

நான் உதவி நம்பருக்குப் போன் பண்ணேன். ஒரு அம்மா எடுத்தாங்க. என் பேரத் தட்டிப் பாத்தாங்க, மாப்பிள்ளை பேரத் தட்டிப் பாத்தாங்க.

"சார், உங்க பொண்ணு வீட்டுல கல்யாணம் ஆனதுல இருந்து ஒரு தடவை கூட ஆம்பளைக் குரல் ஏறல."

"ஏறாதுங்க. அவன் கத்த மாட்டான்."

"அப்ப என்ன பண்றாரு?"

"தெரியலீங்க. அவ சொல்ல மாட்டேங்கறா. பக்கத்துலயே இருக்கான்."

"நீங்க ரெட்டு சார். அவரு தொண்ணூத்தி நாலு. இந்தப் புகார நான் ஏத்துனா, மொத தகவல் அவருக்குத்தான் போகும். உங்க பொண்ணு குரல் எப்பெல்லாம் நடுங்குச்சுன்னு அவரு ஃபோனுக்கு ஏற்கெனவே போயிட்டுதான் இருக்கு. ஆறுதல் சொல்றதுக்காக வெச்சது அது."

"நேர்ல போயிக் கூட்டிட்டு வந்துரட்டுங்களா?"

"போங்க. ஆனா ரெட்டு ஆளு அந்த வீட்டுக்குள்ள ஒரு தடவை குரல் ஏத்துனா போதும். காவலாளுங்க வந்துருவாங்க. ஒரு வருசத்துக்கு நீங்க பொண்ணப் பாக்கவே முடியாது. போன்ல கூட." அப்புறம் மெதுவா, "நான் சொன்னேன்னு இருக்க வேண்டாம் சார். எப்படியாவது கத்தாமப் பேசப் பழகிட்டுப் போங்க"ன்னாங்க.

அப்படித்தான் ஈரோட்டுல பயிற்சி வகுப்புல சேந்தேன். இருவத்தியோரு நாளு. வாத்தியாருக்கு என் பொண்ணு வயசுதான் இருக்கும், தர்ஷன்னு பேரு. நல்ல பையன்.

"தம்பி, கோவத்த எப்படி விடறது?"ன்னு கேட்டேன்.

"விடச் சொல்லலீங்க சார். கீழ எறக்கச் சொல்றேன். தொண்டையில இருக்கறத வயித்துக்குக் கொண்டு போங்க. வயித்துல இருக்கறது மெஷினுக்குக் கேக்காது."

"அப்ப வாயில என்ன வந்தாலும் பரவால்லையா?"

"வார்த்தைய அது எடுத்துக்காதுங்க சார். அது உங்க அந்தரங்கம்"னு சிரிச்சான். நெசமாவே நல்லதுன்னு நெனச்சுத்தான் சொன்னான்.

வீட்டுல பூங்கோதைகிட்டப் பேசிப் பழகுனேன். ஒருநாள் மத்தியானம் சாப்பாடு போட நேரமாயிருச்சு. எனக்குச் சுர்ருனு வந்துச்சு. அத அப்படியே கீழ எறக்கி, மெதுவா, "உனக்கு இன்னும் எவ்வளவு நேரம் வேணும் கண்ணு, எடுத்துக்க"ன்னேன். சரியா வந்துருச்சுன்னு எனக்கே சந்தோசம். அவ கையில இருந்த கரண்டி சாதத்துல விழுந்துருச்சு.

"இந்தக் குரல் வேண்டாங்க"ன்னா. "கத்துனாக் கூட எந்திரிச்சு உள்ள போயிருவேன். எப்ப முடியும்னு தெரியும். இதுக்கு எங்க போறது?"

"சம்யுவக் கூட்டிட்டு வர்ற வரைக்குந்தான்"னேன்.

ஆடி பொறந்துச்சு. புதுசாக் கட்டிக்கிட்ட பொண்ண ஆடிக்கு அப்பன் வீட்டுக்கு அழைச்சுட்டு வர்றது எங்க பக்கம் வழக்கம். அதச் சாக்கா வெச்சு, வெத்தலைபாக்கு பழத்தோட நான் மட்டும் சரவணம்பட்டி போனேன். பூங்கோதை வந்தா அழுதுருவா. அவங்க குடியிருப்பு கேட்டுல என் பேருக்கு நேரா ரெட்டுன்னு எழுதிக் கையெழுத்து வாங்கிட்டு விட்டாங்க.

வீடு பளிச்சுன்னு இருந்துச்சு. கூடத்துச் சொவத்துல காது ஒட்டியிருந்துச்சு, நடுவுல ஊசிமுனை அளவு பச்சை வெளிச்சம். மாப்பிள்ளை வாசல் வரைக்கும் வந்து, "வாங்க மாமா"ன்னு என் கைப்பையத் தானே வாங்கிக்கிட்டாரு. சம்யு சொம்புல தண்ணி கொண்டாந்தா. ஒரு சுத்து எளைச்சிருந்தா. சொம்ப நீட்டுன கையப் பாத்தேன். நாலு விரலு மடங்கிச் சொம்பப் புடிச்சிருக்கு, சுண்டு விரல் மட்டும் வெளிப்பக்கமா, கோணலா நிக்குது.

"விரல்ல என்ன கண்ணு?"

"கதவுல மாட்டிக்கிச்சுப்பா."

மாப்பிள்ளை அவ தோள்ல கை வெச்சாரு. "ரெண்டு தடவை மாட்டிக்கிட்டா மாமா. கவனமே இல்ல. அப்பவும் பாருங்க, ஒரு சத்தம் போடல. அவ்வளவு பொறுமை."

அவரு அத எங்கிட்ட சொல்லும்போது காதப் பாக்கல, என்னைப் பாத்தாரு. நான் புரிஞ்சுக்கணும்னே சொன்னாரு. மெஷினுக்குக் கண்ணு இல்லைன்னா என்னென்ன செய்யலாம்னு அவரு எங்களுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சு வெச்சிருந்தாரு.

சாப்புட்டோம். சம்யு பரிமாறுனா. அவ சமையக்கட்டுக்குப் போறப்போ, அவருக்கு முதுகு காட்டி நின்னு, கையால பேசுனா. நிறுத்துன்னு அமுக்குனா. அப்புறம் நூல் அறுந்துருச்சுன்னு சொல்லச் சுண்டு விரல நீட்டப் பாத்தா. அது நீளல. இன்னொரு கையால அதப் புடிச்சு நிமித்திக் காட்டுனா. நான் சோத்தப் பெசஞ்சுட்டே இருந்தேன்.

கை கழுவிட்டுக் கூடத்துல உக்காந்தோம். "ஆடிக்கு அழைச்சுட்டுப் போலாம்னு வந்தேனுங்க மாப்ள."

"அந்தப் பழக்கமெல்லாம் நாங்க விட்டுட்டோம் மாமா. அவளுக்கே இஷ்டமில்ல. சம்யு, போகணுமா?"

"இல்லங்க"ன்னா. குரல்ல ஒண்ணுமே இல்ல. சேலை மடிப்புக்குள்ள கை அமுக்கிட்டே இருந்துச்சு.

மாப்பிள்ளை என்னைப் பாத்துச் சிரிச்சாரு, சத்தமில்லாம. "மாமா, உங்க கழுத்துல நரம்பு தெரியுது. கோவத்த உள்ள வெச்சுக்கக் கூடாது. கத்திருங்க. நம்ம வீடுதான்."

தொண்டை வரைக்கும் வந்துருச்சு. முப்பது வருசமா தறிச் சத்தத்துக்கு மேல கத்துன தொண்டை. எதுத்தாப்புல சம்யுவோட உதடு மட்டும் அசைஞ்சுச்சு. அப்பா, வேண்டாம்.

நான் கீழ எறக்குனேன். "கண்ணு, நீ போயித் துணி எடுத்து வை"ன்னேன். அவ உள்ள போனா. நான் எந்திரிச்சு மாப்பிள்ளை பக்கத்துல, ஒட்டி உக்காந்தேன். அவரோட கைய எடுத்து என் தொடைமேல வெச்சு, பாசமாப் புடிக்கற மாதிரி சுண்டு விரலப் புடிச்சேன். தறிக்காரன் கை. நூலு அறுகறதுக்கு எவ்வளவு இழுவை வேணும்னு அதுக்குத் தெரியும்.

நீங்க வகுப்புல கேக்கறது இங்க இருந்துதான் ஆரம்பிக்குது. கலைச்சு விட்ட சொல்லு இதுதான்.

"மாப்ள, எங்க தறியில நாடா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நிமிஷத்துக்கு நூத்தி முப்பது தடவை ஓடும். ரெண்டு முனையிலயும் இரும்பு. சிலசமயம் தெறிச்சுப் போயிரும். சத்தம் கேக்காதுங்க, தறிச் சத்தத்துல. ஆளு விழுந்தாத்தான் தெரியும். உங்க கல்யாணத்துல எங்க சொந்தக்காரங்க நாலு பேரு ஒத்தக் கண்ணோட உக்காந்திருந்தாங்களே, கவனிச்சீங்களா? யாரு மேலயும் கேஸு இல்லைங்க. நாடா தெறிச்சதுக்கு யார என்ன பண்றது? நீங்க இன்னும் நம்ம பட்டறையப் பாக்கல. ஆடிப் பதினெட்டுக்கு விருந்துக்கு வாங்க. எங்கூடவே நிக்கலாம். எந்த எடத்துல நிக்கணும்னு நானே காட்டறேன்."

ஒவ்வொரு சொல்லுக்கும் அந்த விரலு கொஞ்சம் கொஞ்சமாப் பின்னால போச்சு. அவரு கண்ணுல தண்ணி வந்துருச்சு, நெத்தியில வேர்வை. ஆனா வாயத் தொறக்க முடியல. தொறந்தாக் கத்தணும். கத்துனாத் தொண்ணூத்தி நாலு போயிரும். சொவத்துல பச்சை வெளிச்சம் அசையாம நின்னுச்சு. எங்க ரெண்டு பேரயும் அது கேட்டுட்டு இருந்துச்சு, ரெண்டு நல்லவங்க பேசிக்கறாங்கன்னு.

'டொக்'குன்னு ஒரு சின்னச் சத்தம். சொடக்கு எடுக்கற மாதிரி. அது பதிவுல மூணு நிமிஷம் பத்து நொடியில இருக்கு. வகுப்புல கேட்டுப் பாருங்க.

"கூட்டிட்டுப் போங்க மாமா"ன்னாரு. மெதுவாத்தான் சொன்னாரு.

இன்னொண்ணு சொல்லலைன்னா இத எழுதுனதுக்கு அர்த்தமில்ல. அவரு கண்ணுல பயத்தப் பாத்தப்போ எனக்கு நல்லா இருந்துச்சு. இத்தன வருசம் கத்தித் தீத்ததுல கிடைக்காத ஒண்ணு அந்த மூணரை நிமிஷத்துல கிடைச்சுச்சு. கத்துறப்போ நம்ம பலம் வெளிய போயிரும். இதுல எல்லாம் நம்ம கையிலயே இருக்கும்.

பஸ்ஸுல சம்யு என் தோள்ல சாஞ்சு அவிநாசி தாண்டறதுக்குள்ள தூங்கிட்டா. மறுநாள் எலும்பு டாக்டர்கிட்ட காட்டுனோம். ஒரே விரலு, ரெண்டு எடத்துல, ரெண்டு வேற வேற நாளு ஒடிஞ்சதுன்னாரு. வகுப்பு முடிச்சவனுக்குத் திரும்ப முப்பது நாள் கிடையாது; மாப்பிள்ளை வீட்டுக் காது கேட்டத வெச்சே அன்னைக்குச் சாயங்காலம் என் ஃபோன்ல முடிவு மாறி வந்துச்சு. கிரீன், தொண்ணூத்தி ஆறு. மாப்பிள்ளைக்கு மேல ரெண்டு.

அந்த நம்பர வெச்சுத்தான் சம்யு குடுத்த புகாரப் போலீஸுல ஏத்துக்கிட்டாங்க. டாக்டர் சீட்டக் கூட அப்புறந்தான் பாத்தாங்க. எங்க வக்கீல் அம்மா கண்டிப்பாச் சொல்லிட்டாங்க: "கேஸு முடியற வரைக்கும் உங்க மார்க்கு எறங்கக் கூடாதுங்க. ஒரு தடவை கத்துனாலும் அவங்க அதப் புடிச்சுக்குவாங்க." எங்க வீட்டுச் சொவத்துலயும் மறுபடி ஒரு காது ஒட்டிட்டுப் போனாங்க. தர்ஷன் போன் பண்ணி, "சார், கம்பெனியில உங்க பதிவத்தான் மாதிரிக்கு எடுத்திருக்காங்க. சம்மதமா?"ன்னு அவ்வளவு சந்தோசமாக் கேட்டான். மாட்டேன்னு சொன்னா ஏன்னு கேப்பாங்க. "சரிங்க தம்பி"ன்னேன்.

பதினோரு மாசம். பட்டறையில கையாலப் பேசுனேன், வீட்டுல அந்தக் குரல்ல பேசுனேன். நான் வாயத் தொறந்தா பூங்கோதை பாத்திரத்தக் கீழ வெச்சிருவா, அவ்வளவுதான்.

போன வாரம் கேஸு முடிஞ்சு விவாகரத்து கிடைச்சுச்சு. சம்யுவுக்குச் சாதகமாத்தான் தீர்ப்பு. புதன்கிழமை ஆளுங்க வந்து காதக் கழட்டிட்டுப் போனாங்க. சொவத்துல அது இருந்த எடத்துல ஒரு வட்டம் மட்டும் வெளுப்பாத் தெரியுது. காலையில நல்ல வெயிலு. சம்யு பின்னால கொடியில துணி காயப் போட்டுட்டு இருந்தா. எனக்கு மனசு லேசா இருந்துச்சு. இனிமேப் பழைய மாதிரி வாய் நெறையக் கூப்பிடலாம்னு, வாசப்படியில நின்னு கூப்பிட்டேன். "சாப்புட்டியா கண்ணு?"

வரல. அடிவயித்துல இருந்து, மெதுவா, வழுவழுன்னு, அந்தக் குரலுதான் வந்துச்சு. இன்னொரு தடவை கூப்பிட்டேன். அதேதான்.

அவ திரும்பல. "சாப்புட்டேம்ப்பா"ன்னா. சாதாரணமாத்தான் சொன்னா. ஈரத் துணிக்குப் பக்கத்துல அவ கை கீழ பாத்து விரிஞ்சுச்சு. அமுக்குச்சு. இன்னொரு தடவை அமுக்குச்சு. அவ அத வேணும்னு செஞ்ச மாதிரி தெரியல. கை தானா ஆடுதுன்னு நெனச்சுத் தப்பு பண்ணவன் நான். இன்னொரு தடவை அப்படி நெனைக்க எனக்குத் தைரியமில்ல.

வாயத் தொறந்தா அந்தக் குரல் வரும். கையாலயாவது சொல்லலாம்னு கையத் தூக்குனேன். நிறுத்துன்னு சொல்ல எங்களுக்குச் சைகை இருக்கு. அறுந்துருச்சுன்னு சொல்ல இருக்கு. பாத்துட்டேன்னு சொல்ல இருக்கு.

'எங்கிட்டப் பயப்படாத'ன்னு சொல்ல எங்க தறியில ஒண்ணும் இல்ல.